லார்ட்ஸில் விழுந்தவர், ஓவலில் எழுந்தவர்: வீரர்களின் தோல்வியும் நாம் ஏற்றும் சுமையும்

ஜூலை 14, 2025. லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. வெற்றிக்கு வேண்டியது மொத்தம் 193 ரன். ஒரு முனையில் ரவீந்திர ஜடேஜா அரைச்சதம் கடந்து நிலைத்து நின்றார். மறுமுனையில் முஹம்மது சிராஜ். பேட்டிங் அவருடைய வேலை அல்ல. ஆனாலும் 29 பந்துகளைத் தாக்குப்பிடித்துவிட்டார். முப்பதாவது பந்தை ஷோயிப் பஷீர் வீசினார். சிராஜ் அதையும் தடுக்கவே செய்தார். ஆனால் மட்டையில் பட்ட பந்து தரையில் சுழன்று, பின்னால் உருண்டுபோய் ஸ்டம்பைத் தொட்டது. பெயில் விழுந்தது. 170 ரன்னில் இந்தியா சுருண்டது. 22 ரன்னில் தோல்வி.

சிராஜ் அந்த இடத்திலேயே குனிந்து உட்கார்ந்துவிட்டார். வென்ற அணியைச் சேர்ந்த ஜோ ரூட்டும் ஸாக் கிராலியும் அவரிடம் வந்து ஆறுதல் சொன்னார்கள்.

சரியாக மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 4ஆம் தேதி, அதே லண்டனின் ஓவல் மைதானத்தில் இதே சிராஜ் வீசிய யார்க்கர் கஸ் அட்கின்சனின் ஸ்டம்பைச் சாய்த்தது. இந்தியா 6 ரன்னில் வென்றது. ரன் வித்தியாசத்தைக் கணக்கிட்டால், டெஸ்ட் வரலாற்றில் இந்தியா பெற்ற மிக நெருக்கமான வெற்றி இதுதான். தொடர் 2-2 என்று சமனில் முடிந்தது.

அன்று முதல் சிராஜைப் புகழ்ந்து எழுதாதவர் இல்லை. நம் சமுதாயத்து வாட்ஸ்அப் குழுக்களிலும் அவருடைய படம்தான். மகிழ்ச்சியான செய்தி, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் அவர் தோல்வியை எப்படிச் சுமந்தார், சுற்றியிருந்த நாம் அவர்மீது என்னென்ன சுமைகளை ஏற்றி வைத்திருக்கிறோம் என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம், இது விளையாட்டு மைதானத்தோடு முடிகிற விஷயம் அல்ல.

கயிற்றை மிதித்த கால்

ஓவல் வெற்றியைப் பேசுகிறவர்கள் அதற்கு முந்தைய நாளை மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்ட் 3 அன்று இங்கிலாந்து 374 என்ற இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தது. ஹாரி புரூக் 19 ரன்னில் இருந்தபோது, பிரசித் கிருஷ்ணாவின் பந்தைத் தூக்கி அடித்தார். எல்லைக் கோட்டருகே நின்ற சிராஜ் கேட்சைப் பிடித்துவிட்டார். பிரசித் இரு கைகளையும் உயர்த்திக் கொண்டாடத் தொடங்கிவிட்டார். ஆனால் பிடித்த வேகத்தில் சிராஜின் கால் எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டது. விக்கெட் இல்லை, சிக்ஸர். அந்த புரூக் 98 பந்தில் 111 ரன் அடித்த பிறகுதான் வெளியேறினார். ரூட்டும் சதம் அடித்தார். வெளிச்சக் குறைவாலும் மழையாலும் ஆட்டம் நின்றபோது, இங்கிலாந்துக்குத் தேவை வெறும் 35 ரன். கையில் நான்கு விக்கெட்.

அன்றிரவு அவர் நிலையில் நாம் இருந்திருந்தால்? லார்ட்ஸில் கடைசி விக்கெட் நான். இங்கே ஆட்டத்தைத் திருப்பிவிட்ட தவறும் என்னுடையது. நாளை தோற்றால் நாடு முழுக்க என் பெயர்தான். தூக்கம் வந்திருக்குமா?

மறுநாள் காலை வழக்கத்தைவிட முன்னதாகவே எழுந்துவிட்டதாக சிராஜ் பின்னர் சொன்னார். கைப்பேசியில் 'நம்பு' என்ற ஆங்கிலச் சொல்லோடு இருந்த கால்பந்து வீரர் ரொனால்டோவின் படத்தைத் தேடி எடுத்து, முகப்பில் வைத்துக்கொண்டாராம். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் நேற்று மிதித்த கயிற்றிலிருந்து மனத்தைப் பிடுங்கி, இன்று வீச வேண்டிய பந்தின் மேல் வைப்பதற்கு அவர் ஒரு பிடிமானம் தேடியிருக்கிறார்.

அன்று காலை முதல் இரு பந்துகளே பவுண்டரிகள். தேவை 27 ஆகக் குறைந்தது. அதன் பிறகு சிராஜ் ஜேமி ஸ்மித்தை வீழ்த்தினார். ஜேமி ஓவர்டனை வீழ்த்தினார். ஜோஷ் டங்கை பிரசித் சாய்த்தார். தோள்பட்டை விலகிய கிறிஸ் வோக்ஸ் ஒரு கையைக் கட்டிக்கொண்டு மறுமுனையில் வந்து நின்றார். அட்கின்சன் ஒரு சிக்ஸரும் அடித்தார். கடைசியில் அந்த யார்க்கர். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது.

ஐந்து டெஸ்டிலும் ஆடிய ஒரே இந்திய வேகப்பந்து வீச்சாளர் சிராஜ். மொத்தம் 185.3 ஓவர், அதாவது 1,113 பந்துகள். 23 விக்கெட். ஒரு பந்து மோசமாகப் போனால் அதை விட்டுவிட்டு அடுத்ததை வீச வேண்டும். இதை அவர் ஆயிரம் முறைக்கு மேல் செய்திருக்கிறார். ஓவலின் கடைசிப் பந்து அந்தப் பழக்கத்தின் விளைவு.

ஆட்டோ ஓட்டுநரின் மகன்

சிராஜுக்கு இது முதல் சோதனை அல்ல. ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த முஹம்மது கவுஸின் மகன் அவர். 2020 நவம்பரில் இந்திய அணியோடு ஆஸ்திரேலியாவில் தனிமைப்படுத்தலில் இருந்தபோது, தந்தை வஃபாத்தான செய்தி வந்தது. ஊருக்குத் திரும்ப கிரிக்கெட் வாரியம் அனுமதி கொடுத்தும், அவர் திரும்பவில்லை. மகன் நாட்டுக்காக ஆட வேண்டும் என்பதுதான் தந்தையின் ஆசை. அதை நிறைவேற்று என்று தாயாரும் சொன்னார். தந்தையின் ஜனாஸாவில் கலந்துகொள்ளாமலே அவர் மெல்பர்னில் தம் முதல் டெஸ்டை ஆடினார்.

அடுத்து சிட்னியில் எல்லைக் கோட்டருகே நின்றபோது, கூட்டத்தில் சிலர் இனவெறியோடு அவரை ஏசினார்கள். அவர் அதை விழுங்கிக்கொண்டு நிற்கவில்லை. தம் கேப்டன் ரஹானேயிடம் சொன்னார், விஷயம் நடுவர்களிடம் போனது, ஆட்டம் நிறுத்தப்பட்டது, சிலர் அரங்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பிறகு பிரிஸ்பேனில் 73 ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். 1988க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றே இராத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது. ஊர் திரும்பியதும் விமான நிலையத்திலிருந்து நேராகத் தந்தையின் கப்ருக்குத்தான் போனார்.

இதற்கெல்லாம் முன்பே, 2019 ஐபிஎல் தொடரில் சரியாக வீசாதபோது, "கிரிக்கெட்டை விட்டுவிட்டு அப்பாவோடு போய் ஆட்டோ ஓட்டு" என்று அவரை எழுதித் தள்ளினார்கள். இதை அவரே ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்போது தோனி அவருக்கு ஒரு புத்தி சொன்னாராம். நன்றாக ஆடினால் உலகமே உன்னைப் புகழும், சரியாக ஆடாவிட்டால் அதே உலகம் ஏசும், இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்பது அதன் சாரம்.

இந்தப் புத்தியில் முதல் பாதிதான் கடினம். ஏச்சைப் புறக்கணிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். புகழையும் அதே தூரத்தில் வைக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. கைதட்டலை வைத்துத் தன் மதிப்பை அளந்து பழகியவன், ஏச்சு வரும்போதும் அதை வைத்தே தன்னை அளப்பான்.

பாதிப் புள்ளிகளை இழந்த சாம்பியன்

டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024 ஜூனில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்கைச் சொன்னார். அவர் ஆடிய ஒற்றையர் ஆட்டங்கள் 1,526. அவற்றில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வென்றார். ஆனால் அந்த ஆட்டங்களில் ஆடப்பட்ட புள்ளிகளில் அவர் வென்றது 54 சதவீதம்தான்.

இருபது ஆண்டுகள் உலகை ஆண்ட ஒருவர், தாம் ஆடிய புள்ளிகளில் ஏறத்தாழ பாதியை இழந்திருக்கிறார். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் வருந்திக்கொண்டிருந்தால் அடுத்ததை எப்படி ஆடியிருப்பார்? ஆடும்போது அந்தப் புள்ளிதான் உலகிலேயே முக்கியமானது. முடிந்துவிட்டால் அது முடிந்தது. அவருடைய பேச்சின் பொருள் இதுதான்.

பெரிய ஆட்டங்களில் தேறுகிறவர்களுக்குப் பயமே இல்லை என்று நாம் நினைக்கிறோம். அவர்களுக்கும் பயம் உண்டு. அதை அடுத்த பந்து, அடுத்த புள்ளி என்ற அளவுக்குச் சுருக்கிக்கொள்ளப் பழகியிருக்கிறார்கள். அந்தப் பழக்கத்திற்கு ஆண்டுகள் ஆகின்றன. சிராஜும் எப்போதும் வெல்வதில்லை. இதே லார்ட்ஸ் டெஸ்டில் பென் டக்கெட்டை வீழ்த்திய உணர்ச்சி வேகத்தில் அவர் முகத்துக்கு நேரே கத்திவிட்டு, போட்டிச் சம்பளத்தில் 15 சதவீதத்தை அபராதமாகக் கட்டினார்.

ஒருவரின் தவறு யாருடையது?

இதுவரை சொன்னது எல்லா வீரர்களுக்கும் பொது. சிலர்மீது மட்டும் இன்னொரு சுமையும் ஏற்றப்படுகிறது.

2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தான் 10 விக்கெட்டில் இந்தியாவை வென்றது. இந்தியாவின் ஐந்து பந்துவீச்சாளர்களில் ஒருவருக்கும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. ஆனால் சமூக ஊடகங்களில் துரோகி என்று ஏசப்பட்டவர் முஹம்மது ஷமி மட்டும்தான். தோல்வி பதினொரு பேருடையது. கேள்வி கேட்கப்பட்டதோ ஒருவருடைய மார்க்கத்தை. அப்போது கேப்டனாக இருந்த விராட் கோலி வெளிப்படையாக ஷமியின் பக்கம் நின்றார். மதத்தை வைத்து ஒருவரைத் தாக்குவது மனிதன் செய்யக்கூடிய மிக இழிவான காரியம் என்று பொருள்படச் சொன்னார். அதற்காக அவரும் ஏச்சு வாங்கினார்.

இது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. அதே 2021 ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து இறுதிப் போட்டியில் இங்கிலாந்து பெனால்டியில் இத்தாலியிடம் தோற்றது. கோல் போடத் தவறிய ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூவரும் கறுப்பினத்தவர். சாக்காவுக்கு வயது 19. அன்றிரவே இனவெறி ஏச்சு தொடங்கிவிட்டது. மான்செஸ்டரில் ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். அந்தப் பகுதி மக்கள் வந்து அன்புக் கடிதங்களாலேயே அந்தச் சுவரை மூடினார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2024 ஜூலையில் சுவிட்சர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் அதே சாக்கா மீண்டும் பெனால்டி அடிக்க முன்வந்தார். கோல் போட்டார்.

பெரும்பான்மையைச் சேர்ந்த ஒரு வீரர் சறுக்கினால், இன்று அவருக்கு ஆட்டம் சரியில்லை என்று விட்டுவிடுகிறார்கள். சிறுபான்மையைச் சேர்ந்தவர் சறுக்கினால், அவர் யார் என்ற விசாரணை தொடங்குகிறது. முதலாமவர் தம் ஆட்டத்தை மட்டும் சுமக்கிறார். இரண்டாமவர் தம் சமுதாயத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்.

ஷமி 2023 உலகக் கோப்பையில் முதல் நான்கு ஆட்டங்களில் வெளியே உட்கார்ந்திருந்தார். பிறகு ஏழே ஆட்டங்களில் 24 விக்கெட் எடுத்தார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 57 ரன் கொடுத்து ஏழு விக்கெட். ஏசியவர்களே புகழ்ந்தார்கள். நாமும் பெருமூச்சு விட்டோம். அந்தப் பெருமூச்சுதான் என்னை உறுத்துகிறது. ஒருவர் தம் நாட்டுப்பற்றை ஏழு விக்கெட் எடுத்து நிரூபிக்க வேண்டும் என்பதை நாமும் ஏற்றுக்கொண்டுவிட்டோமா?

ஓவலில் அட்கின்சன் அடித்த அந்த சிக்ஸர் ஆகாஷ் தீப்பின் கையில் பட்டுத்தான் எல்லையைத் தாண்டியது. அப்படி இன்னொன்று போயிருந்தால் ரன் கணக்கு சமமாகி, இங்கிலாந்தின் வெற்றிக்கு ஒரே ஒரு ரன்தான் தேவைப்பட்டிருக்கும். அப்போதும் சிராஜ் அதே ஆயிரத்துச் சொச்சம் பந்துகளை வீசியவர்தானே? அவருடைய நேர்மையும் உழைப்பும் அந்த 6 ரன்னைச் சார்ந்தவை அல்ல.

நம் பக்கத்திலிருந்து ஏறிய சுமை

வெளியே இருப்பவர்களைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது எளிது. 2025 மார்ச் மாதம் நடந்ததையும் பேச வேண்டும்.

ரமழான் மாதம். துபாயில் சாம்பியன்ஸ் டிராபி அரையிறுதி. ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பந்துவீசிக்கொண்டிருந்த ஷமி, இடைவேளையில் பானம் அருந்துவது கேமராவில் தெரிந்தது. உடனே வடநாட்டு ஆலிம் ஒருவர் அவரைக் குற்றவாளி என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்தக் காணொளி நம் ஊர்களின் குழுக்கள் வரை சுற்றியது. பயணத்தில் இருப்பவர் நோன்பைப் பிறகு நோற்றுக்கொள்ளலாம் என்ற சலுகை குர்ஆனிலேயே தெளிவாக இருக்கிறது. வேறு பல உலமாக்கள் அதைச் சுட்டிக்காட்டவும் செய்தார்கள். ஆனால் அந்த விளக்கம், குற்றச்சாட்டு போன வேகத்தில் போகவில்லை.

நானும் ஓர் ஆலிம்தான். ஆகவே வெட்கத்தோடு சொல்கிறேன். 2021ல் தோற்றபோது 'நீ எங்களவன் இல்லை' என்று ஒரு கூட்டம் சொன்னது. 2025ல் ஒரு மடக்கு பானத்துக்காக, ஏறத்தாழ அதையே நம்மில் சிலர் சொன்னார்கள். அரையிறுதிக்கும் இறுதிப் போட்டிக்கும் நடுவில் நிற்கும் ஒருவர் இதையும் சுமக்க வேண்டுமா? வென்றால் நம் பிள்ளை என்று படம் பகிர்கிறோம். மற்ற நாள்களில் அவருடைய தொழுகையையும் நோன்பையும் குடும்பத்தையும் துருவிப் பார்க்கிறோம். அவர் பந்துவீச்சாளர். நம் சமுதாயத்தின் தூதராக இருக்கும்படி நாம் அவரை நியமிக்கவில்லை, அவரும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

தராவீஹில் கற்ற பாடம்

எனக்குக் கிரிக்கெட் ஆடத் தெரியாது. ஆனால் பின்னால் ஐந்நூறு பேர் நிற்க, முன்னால் தனியாக நிற்பது என்னவென்று தெரியும். முதன்முதலாக நான் தராவீஹ் தொழ வைத்தபோது வயது பத்தொன்பது. ஒரே மாதிரி வரும் இரண்டு வசனங்களில் தடம் மாறி, வேறு சூராவுக்குள் போய்விட்டேன். பின் வரிசையிலிருந்து மூத்த ஹாஃபிழ் ஒருவர் லுக்மா எடுத்துக் கொடுத்தார். திருத்திக்கொண்டேன். ஆனால் அடுத்த ரக்அத்திலும் அந்தத் தவறே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தூக்கத்தில் எழுப்பினாலும் ஓதக்கூடிய ஒரு பகுதியில் மறுபடியும் தடுக்கி நின்றேன்.

தொழுகை முடிந்ததும் தலையை நிமிர்த்த முடியவில்லை. அந்த ஹாஃபிழ் அருகில் வந்து உட்கார்ந்து சொன்னார்: "தம்பி, முதல்ல மறந்தது எல்லா ஹாஃபிழுக்கும் வர்றதுதான். ரெண்டாவது தடவை மறந்தது, முதல்ல மறந்ததையே நினைச்சுக்கிட்டு நின்னதால. நாளைக்கும் நீங்கதான் தொழ வைக்கிறீங்க."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. ஓவலில் சிராஜுக்கும் அது கிடைத்தது. கயிற்றை மிதித்தவர் கையில்தான் மறுநாள் காலை பந்து கொடுக்கப்பட்டது.

தொழுகையின் அமைப்பிலேயே தவறுக்கு இடம் வைக்கப்பட்டிருக்கிறது. ஓதுவதில் தடுக்கினால் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கலாம். ரக்அத் கணக்கு மறந்தால் இறுதியில் இரண்டு ஸஜ்தா. மனிதன் மறப்பான் என்று தெரிந்தே வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. நம் வீடுகளில் அந்த இடம் இருக்கிறதா?

முடிவு வரும் நாளில்

வீரர்களுக்கு மைதானம் என்றால் நம் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, நீட். முடிவு வெளியாகும் காலையில் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரு கைப்பேசியைச் சுற்றி நிற்கிறோம். மதிப்பெண் குறைந்துவிட்டால் முதலில் வரும் சொல் என்ன? "பெரியத்தா மகனைப் பார்", "ஊரில் எப்படித் தலைகாட்டுவது", "உனக்காக எவ்வளவு செலவு." இவை அனைத்தும் பிள்ளையின் தவறைப் பிள்ளையாகவே ஆக்கிவிடும் சொற்கள். சாக்காவையும் ஷமியையும் ஏசியவர்கள் செய்ததும் அதைத்தான்.

பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அன்று எதையும் ஆராய வேண்டாம். சாப்பாடு போடுங்கள். எங்கே தவறு நடந்தது என்ற பேச்சை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். அப்போதும் அந்தத் தேர்வைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் குணத்தைப் பற்றியோ குடும்ப மானத்தைப் பற்றியோ வேண்டாம். "அடுத்து என்ன செய்யலாம்?" என்ற கேள்வியை அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள். மகளுக்கும் இதே நிதானத்தைக் கொடுங்கள். ஒரு தேர்வில் தோற்றால் மகனுக்கு இன்னொரு வாய்ப்பும் மகளுக்குக் கல்யாணமும் என்று தீர்மானிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால், சாப்பிடாமல் தூங்காமல் அறைக்குள்ளேயே கிடந்தால், அதைப் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். காயத்தாலும் சொந்த வாழ்க்கைச் சிக்கல்களாலும் நொறுங்கிப்போயிருந்த காலத்தில், உயிரை விட்டுவிடலாம் என்று மூன்று முறை நினைத்ததாக ஷமி 2020ல் வெளிப்படையாகச் சொன்னார். இரவு பகலாகக் குடும்பத்தார் கூடவே இருந்ததால்தான் மீண்டதாகவும் சொன்னார். 2023ல் உலகம் கொண்டாடிய அந்த ஏழு விக்கெட்டுக்குப் பின்னால் தூங்காமல் விழித்திருந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அதில் எந்த இழுக்கும் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் சிராஜ் ஐந்து விக்கெட் எடுக்கலாம், ஒன்றுகூட எடுக்காமலும் போகலாம். அவர் பழகிவிட்டார், பார்த்துக்கொள்வார். இன்னும் பழகாத பிள்ளைகள் நம் வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தடுக்கும்போது பின்னால் நின்று எடுத்துக் கொடுக்கும் குரலாக நாம் இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக.